விளையாட்டுக் கணினி: முதலில் எதை மாற்றுவது?

ஓய்வூதியம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீட்டிலேயே ஒரு விண்ணப்பம் வரும். விண்ணப்பதாரர் பேரன், சில வீடுகளில் பேத்தி. பொருள்: கம்ப்யூட்டர் இழுக்கிறது, புது விளையாட்டு ஓடவில்லை, கிராபிக்ஸ் கார்டு மாற்றித் தர வேண்டுதல் தொடர்பாக. கேட்கும் தொகையோ, நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு மனையே வாங்கியிருக்கலாம். அப்பா 'முடியாது' என்று எழுதிய பிறகுதான் கோப்பு தாத்தாவின் மேசைக்கு வருகிறது. படிக்காமலே கையெழுத்துப் போடும் தாத்தாக்களும் உண்டு, படிக்காமலே திருப்பி அனுப்பும் தாத்தாக்களும் உண்டு. இரண்டு தரப்பாருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

இதே விண்ணப்பம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1980களிலிருந்தே வீட்டுக்கு வீடு எழுந்திருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் சரியான பதில் வேறாக இருந்தது. பணம் வீணானவர்களில் பெரும்பாலோர், முந்தைய காலத்துப் பதிலைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள். ஆகவே கதையை முதலிலிருந்து பார்ப்பது நல்லது.

அதற்கு முன் இயந்திரம் வேலை செய்யும் விதத்தை நம் மொழியில் சொல்லிவிடுகிறேன். திரையில் ஓடும் விளையாட்டு சினிமாவைப் போலத்தான்: ஒன்றன்பின் ஒன்றாக வரும் அசையாத படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் என்கிற மேசையில், யார் எங்கே நிற்கிறார், பந்து எங்கே போகிறது, கதவு திறந்திருக்கிறதா என்று கணக்குப் போடப்படுகிறது. அடுத்த மேசை கிராபிக்ஸ் கார்டு. கணக்கை வாங்கிப் படமாக வரைந்து வண்ணம் பூசுவது அதன் வேலை. ராம் எனப்படும் நினைவகம், காகிதங்களைப் பரப்பி வைத்திருக்கும் மேசைப்பலகை. ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டு ரூம். மானிட்டர்தான் டெஸ்பாட்ச் பிரிவு. மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையை யாரும் கவனிப்பதில்லை, அலுவலகத்தில் தண்ணீர்ப் பானை நிரப்புகிறவரைப் போல. அவர் விடுப்பில் போனால்தான் தெரியும்.

பிராசஸர் மேசையில் நாளைக்கு 90 கோப்பு முடிகிறது, கிராபிக்ஸ் மேசையில் 40தான் முடிகிறது என்றால், வாசலைத் தாண்டி வெளியே போவது 40. பிராசஸர் மேசையில் இன்னும் கெட்டிக்காரரை உட்கார வைத்தாலும் அதே 40தான். நடுவில் கட்டு மட்டும் உயரும். கிராபிக்ஸ் மேசையில் 150 முடிப்பவரைப் போட்டால்? 150 வராது, 90 வரும். இப்போது தேங்குகிற இடம் முதல் மேசைக்கு நகர்ந்துவிட்டது. நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'கூலோ தெத்ராங்கிளமான்' என்று ஒரு சொல் உண்டு. பாட்டிலின் கழுத்து, அதுவும் நெரிபடுகிற கழுத்து. செயலகத்தில் எந்தக் கோப்பின் பின்னாலாவது அலைந்தவர்களுக்கு அந்தக் கழுத்து எது என்று விளக்க வேண்டியதில்லை.

பாகத்தை மாற்றலாம் என்ற எண்ணமே எல்லாக் கணினிக்கும் பொருந்தியதல்ல. 1977இல் வந்த ஆப்பிள் 2 இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் கார்டு செருக எட்டு இடங்கள் இருந்தன. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஐந்து இடங்கள் வைத்தது. உள்ளமைப்பு விவரங்களையும் புத்தகமாகவே போட்டு விற்றது. அதனால் யார் வேண்டுமானாலும் அதற்குக் கார்டு செய்ய முடிந்தது. இன்றைக்குப் பேரன் நீட்டும் விண்ணப்பத்துக்கு மூலம் அந்த ஐந்து இடங்கள்தான்.

அந்த முதல் இயந்திரத்தின் பிராசஸர் இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அடிப்படை மாடலில் நினைவகம் வெறும் 16 கிலோபைட். விளையாட ஆசைப்பட்டவர் முதலில் வாங்க வேண்டியிருந்தது நினைவகமும் வண்ணக் கார்டும். அந்த வண்ணக் கார்டும் படம் காட்டும்போது ஒரே நேரத்தில் நான்கு நிறங்கள்தான் தரும். வேடிக்கை எதுவென்றால், ஹார்ட் டிஸ்க் பொருத்த ஆசைப்பட்டவர்கள் முதலில் பவர் சப்ளையை மாற்ற வேண்டியிருந்தது. ஐ.பி.எம். கொடுத்திருந்தது 63.5 வாட், பழைய குண்டு பல்பு ஒன்று எரிக்கும் மின்சாரம். ஹார்ட் டிஸ்க் சுழல அது போதவில்லை. தண்ணீர்ப் பானைக்காரரின் முக்கியத்துவம் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் இந்தப் பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் மறந்து மறந்து படித்திருக்கிறது.

1987இல் ஐ.பி.எம். வி.ஜி.ஏ. என்ற முறையைக் கொண்டுவந்தது. திரையில் ஒரே நேரத்தில் 256 நிறங்கள் வந்தன. கண்ணுக்கு விருந்து கிடைத்தது, காது மட்டும் பட்டினி. கணினியில் இருந்த சின்ன ஸ்பீக்கர் 'பீப்' என்று கத்தத்தான் தெரிந்தது. அதே 1987இல் கனடாவின் கியூபெக் நகரில், லவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மர்த்தேன் பிரெவெல் என்பவரின் நிறுவனம் ஆட்லிப் என்ற இசைக் கார்டைக் கொண்டுவந்தது. யமஹாவின் சிப் ஒன்று, ஒரே நேரத்தில் ஒன்பது குரல்கள். இசை மாணவர்களுக்காக யோசித்தது, விளையாட்டுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1988இல் சியெரா நிறுவனம் தன் 'கிங்ஸ் குவெஸ்ட் 4' விளையாட்டுக்கு முறையாக இசையமைத்து இத்தகைய கார்டுகளில் ஒலிக்கும்படி வெளியிட்டது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம், சிம் வோங் ஹூ தொடங்கியது, சவுண்ட் பிளாஸ்டர் என்ற கார்டைக் கொண்டுவந்தது. அதே யமஹா சிப், கூடவே பதிவு செய்த பேச்சும் ஒலியும் கேட்கும், ஜாய்ஸ்டிக் செருகவும் ஓரிடம். ஒரே கார்டில் மூன்று வேலை. ஆட்லிப் 1992இல் திவாலானது.

அந்தச் சில ஆண்டுகளில் 'முதலில் எதை மாற்றுவது' என்ற கேள்விக்குப் பதில் ஒலிக் கார்டு. அதனால் விளையாட்டு ஒரு துளிகூட வேகமாகாது. ஆனால் ஊமைப் படம் பேசும் படமான மாதிரி இருந்தது. வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். பிள்ளைகள் 'மாற்ற வேண்டும்' என்று கேட்கும்போது வேகத்தைத்தான் கேட்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதே காலத்தில் காசு கொடுத்தாலும் தீராத ஒரு தொல்லையும் இருந்தது. டாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் எல்லா வேலைக்கும் 640 கிலோபைட் நினைவகத்தைத்தான் சுலபமாகக் கொடுத்தது. கணினியில் 4 மெகாபைட் இருந்தாலும், விளையாட்டு இந்த 640க்குள் இடம் கேட்கும். மவுஸுக்கு ஒரு துண்டு, ஒலிக் கார்டுக்கு ஒரு துண்டு, சி.டி. டிரைவுக்கு ஒரு துண்டு என்று பங்கு போனபின் மிச்சம் போதாது. கூடுதலாக நினைவகம் வாங்கிப் போட்டவர்களுக்கும் அதே அறிவிப்புதான் திரையில் வந்தது. மருந்து எதுவென்றால், இயந்திரம் எழும்போது படிக்கும் இரண்டு சிறு கோப்புகளில் வரிகளை மாற்றி எழுதி, துண்டுகளை மேல்மாடிக்கு அனுப்புவது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி ஃபிளாப்பி செய்து வைத்திருந்தவர்கள் ஏராளம். பெரிய மேசை வாங்குவதற்கு முன் மேசையைச் சுத்தம் செய்து பார் என்று நம் சூப்பரின்டெண்டன்ட்கள் சொல்வார்களே, அதுதான்.

பிரான்சில் ஒருவர் வேறு வழி கண்டார். லியோன் பக்கத்து இன்ஃபோகிராம் நிறுவனத்தில் ஃபிரெதெரிக் ரெய்னால் 1992இல் 'அலோன் இன் த டார்க்' என்ற பேய்வீட்டு விளையாட்டைச் செய்தார. அறைகள் எல்லாம் கையால் வரைந்த ஓவியங்கள்; மனிதரும் பேயும் மட்டும் முப்பரிமாணக் கணக்கில் உருவானவர்கள். அறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அன்றைய பிராசஸர் மூச்சுத் திணறும் என்று தெரிந்து செய்த சிக்கனம் அது. விளையாடுகிறவர் பணம் போட்டு அகலப்படுத்த வேண்டிய கழுத்தை, எழுதுகிறவர் தன் மூளையைப் போட்டுச் சுற்றிக்கொண்டு போனார். இப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருந்தால் நம் ஓய்வூதியத்துக்கு இவ்வளவு சோதனை வந்திராது.

1993 டிசம்பர் 10 அன்று டெக்சாஸின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. முதல் பாகம் இலவசம். நகலெடுத்து யாருக்கும் கொடுக்கலாம். 386 பிராசஸரும் 4 மெகாபைட் நினைவகமும் இருந்தால் ஓடும் என்றார்கள். 386இல் ஓடியது என்பதைவிடத் தவழ்ந்தது எனலாம். 486 இருந்தால்தான் சுகம். பெரும் கூட்டம் 486 வாங்கக் கிளம்பியது. ஆனால் 486 வாங்கிய சிலருக்கும் படம் இழுத்தது. காரணம், கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருந்த பழைய வழித்தடம். ஐ.எஸ்.ஏ. என்ற அந்த வழி 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒற்றையடிப் பாதை. பிராசஸர் எவ்வளவு வேகமாகப் படத்தை முடித்தாலும், அந்தச் சந்து வழியாகத்தான் திரைக்குப் போக வேண்டும். 1992இல் வந்த வீசா லோக்கல் பஸ் என்ற அகலமான வழியும், பின்னர் பி.சி.ஐ.யும் இந்தச் சந்தைத் தீர்த்தன. ஆனால் வழித்தடம் மதர்போர்டோடு சேர்ந்தது. தனியாக மாற்ற முடியாது.

'டூம்' விளையாட்டில் ஒரு நல்ல வசதி இருந்தது. கழித்தல் குறியை அழுத்தினால் படம் திரையில் சின்னதாகும், சுற்றிலும் ஓரம் வரும். படம் சின்னதானால் வரைய வேண்டிய புள்ளி குறைவு, வேகம் கூடும். பாவப்பட்ட 386காரர்கள் தபால் தலை அளவுப் படத்தில் விளையாடினார்கள். இந்தச் சின்ன வித்தையில் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 1996. அந்த ஜூன் 22 அன்று அதே நிறுவனம் 'குவேக்' விளையாட்டை வெளியிட்டது. இதில் எல்லாமே முப்பரிமாணக் கணக்கு. அப்போது கடையில் இரண்டு வகை பிராசஸர்கள் போட்டியிட்டன. ஒன்று இன்டெலின் பென்டியம். மற்றது சைரிக்ஸ் நிறுவனத்தின் 6எக்ஸ்86. சைரிக்ஸ் தன் சரக்குக்கு 'பி166+' என்று பெயர் போட்டது. உண்மையில் ஓடிய வேகம் 133 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனாலும் வேலையில் 166 பென்டியத்துக்குச் சமம் என்று அர்த்தம். பொய் சொல்லவில்லை. கடிதம் தட்டுவது, கணக்குப் பட்டியல் போடுவது போன்ற அலுவலக வேலையில் அது சமமாகவே இருந்தது, விலையும் குறைவு. சிக்கனமான அப்பாக்கள் அதை வாங்கினார்கள்.

'குவேக்' ஓடியபோது குட்டு உடைந்தது. அந்த விளையாட்டில் தசமப் புள்ளிக் கணக்கு ஏராளம். மைக்கேல் அப்ராஷ் என்ற கைதேர்ந்தவர் அதை பென்டியத்துக்கென்றே இழைத்திருந்தார். படத்தில் 16 புள்ளிக்கு ஒருமுறை ஒரு வகுத்தல் போட வேண்டும். வகுத்தல் மெதுவான கணக்கு. பென்டியத்துக்குள் தசமக் கணக்குப் பிரிவு அந்த வகுத்தலைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, மற்ற பிரிவு கையில் இருக்கும் 16 புள்ளிகளை வரைந்து முடித்துவிடும். ஒருவர் கூட்டிச் சரிபார்க்கும்போதே அடுத்தவர் அடுத்த பக்கத்தை எழுதுவது மாதிரி. சைரிக்ஸின் தசமக் கணக்குப் பிரிவு பலவீனமானது, இந்த ஒத்துழைப்பும் அங்கே நடக்கவில்லை. விலைப்பட்டியலில் அதைவிடக் கீழே இருந்த பென்டியம்களிடம்கூட அது தோற்றது. மறுவருடம் சைரிக்ஸ் நிறுவனமே கைமாறியது. 'நல்ல பிராசஸரா' என்ற கேள்விக்கு அன்றிலிருந்து தனியாக அர்த்தம் கிடையாது; எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

அதே ஆண்டு கடைசியில் இன்னொன்று வந்தது. கலிஃபோர்னியாவில் ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் மூவரும் 1994இல் தொடங்கிய 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம், முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே வூடு என்ற சிப்பைச் செய்தது. முதலில் அவர்கள் குறி, காசு போட்டு விளையாடும் கடைகளின் பெரிய இயந்திரங்கள். 1996இல் நினைவக விலை சரிந்து விழுந்ததால் வீட்டுக் கணினிக்கும் கட்டுப்படியாகும் என்று ஆனது. சுமார் 300 டாலர். விநோதமான கார்டு, சாதாரண எழுத்தைக்கூடத் திரையில் காட்டத் தெரியாது. பழைய கிராபிக்ஸ் கார்டு அப்படியே இருக்க, அதிலிருந்து ஒரு கேபிள் இதற்கு வரும், இதிலிருந்து மானிட்டருக்குப் போகும். விளையாட்டு தொடங்கியதும் பொறுப்பை இது ஏற்றுக்கொள்ளும். ஆர்க்கிட் நிறுவனம் விற்ற கார்டில் அந்தக் கைமாற்றத்துக்கு உள்ளே ரிலே வைத்திருந்தார்கள். 'டிக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை இன்றும் நினைத்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

1997 ஜனவரியில் இத்தகைய கார்டுகளுக்கான 'குவேக்' வெளியானது. சாதாரண 'குவேக்'கைப் பெரும்பாலோர் 320க்கு 200 புள்ளிகளில் ஆடினார்கள். வூடு கார்டில் 640க்கு 480. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஐந்து மடங்கு புள்ளிகள், அதுவும் வழவழப்பாக. கையில் பென்டியம் 133 வைத்திருந்தவர் அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? பென்டியம் 200க்குப் போயிருந்தால், எல்லாம் சரியாக நடந்தால் ஒன்றரை மடங்கு. அதே பணத்தில் வூடு வாங்கியவர் வேறு உலகத்துக்குப் போனார். ஆனால் பக்கத்து வீட்டில் 486 வைத்திருந்தவர் அவரைப் பார்த்து வூடு வாங்கியிருந்தால் நஷ்டம்தான். பெரும்பாலான 486 போர்டுகளில் அதைச் செருகும் பி.சி.ஐ. இடமே கிடையாது. இடம் இருந்தாலும் 'குவேக்' கணக்கு 486 மேசையிலேயே தேங்கி நின்றிருக்கும். ஒரே தெரு, ஒரே விளையாட்டு, ஒரே கார்டு. ஒருவருக்குச் சரி, ஒருவருக்குத் தவறு. அடுத்த வீட்டுப் பையன் என்ன வாங்கினான் என்பது சாட்சியமே ஆகாது.

பெட்டியில் '3டி' என்று அச்சடித்திருந்தால் போதும் என்று வாங்கியவர்கள் கதை தனி. எஸ்3 நிறுவனத்தின் வெர்ஜ் என்ற கார்டு மலிவு. முப்பரிமாணமும் வரையும் என்றார்கள். வரைந்தது. பல நேரம் பிராசஸர் தனியாகச் செய்வதைவிட மெதுவாக. விளையாட்டுக்காரர்கள் அதற்கு வேகமுடுக்கி என்பதற்கு எதிர்ப்பதமாக 'வேகத்தடை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

1998இல் வூடு 2 வந்தது. பழைய பென்டியத்தில் அதைப் போட்டவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. தேங்குமிடம் மறுபடி பிராசஸருக்குப் போயிருந்தது. அந்த ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட மலிவான செலரான் 300ஏ, இந்த வரலாற்றிலேயே மிகப் பெரிய தள்ளுபடி. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் 300 ஓட வேண்டியது 450இல் ஓடியது, விலையுயர்ந்த பென்டியம் 2க்கு ஈடாக. விலையோ அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்து, பிராசஸர் மேசையில் இருந்த கணக்கில் ஒரு பகுதியையே பிடுங்கித் தன் மேசைக்குக் கொண்டுபோனது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்தை என்விடியாவே வாங்கிக்கொண்டது. நான்கே ஆண்டுகளில் மேலே ஏறிக் கீழே இறங்கிய கதை.

இந்தச் சமயத்தில் இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. சாக்கெட் 7 என்ற பிராசஸர் இருக்கையில் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் மூன்றும் உட்காரும். 1997இல் இன்டெல் பென்டியம் 2க்குத் தனி இருக்கை செய்துகொண்டு பிரிந்தது. அதிலிருந்து பிராசஸர் மாற்றுவது என்றால் பெரும்பாலும் மதர்போர்டையும், சில நேரம் நினைவகத்தையும் சேர்த்து மாற்றுவதுதான். ஏ.எம்.டி. 2016இல் கொண்டுவந்த ஏ.எம்.4 இருக்கை பல தலைமுறைக்கு நின்றது ஒரு நல்ல விதிவிலக்கு. ஆகவே விண்ணப்பத்தில் 'பிராசஸர்' என்று ஒரு வரி இருந்தால், அதன்கீழ் எழுதாத இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

2000க்குப் பிறகு கதை ஒரே திசையில் ஓடியது. பொதுவாகக் கிராபிக்ஸ் கார்டுதான் பதில். 2007இல் ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் வெளியிட்ட 'கிரைசிஸ்' அன்றைய உயர்ந்த கார்டுகளையே திணறடித்து, 'இதில் கிரைசிஸ் ஓடுமா' என்பது கேலிப் பழமொழியாகவே ஆனது. கார்டுகளின் பசியும் வளர்ந்தது. ஐ.பி.எம். முழு இயந்திரத்துக்கும் கொடுத்தது 63.5 வாட், 2022இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற ஒரு கார்டு மட்டும் 450 வாட் கேட்கிறது. மலிவான பவர் சப்ளையோடு பெரிய கார்டு வாங்கிக் கொடுத்தால் விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் இயந்திரம் பட்டென்று அணையும். பிள்ளை கார்டைத் திட்டும்.

2008 வாக்கில் எஸ்.எஸ்.டி. வீட்டுக் கணினிக்கு வந்தது. சுழலும் தட்டு ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். இதற்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். ரெக்கார்டு ரூமில் ஏணி வைத்துத் தேடுகிறவருக்குப் பதில், கேட்டதும் கையில் கொடுப்பவர் வந்த மாதிரி. விளையாட்டு தொடங்கும் நேரம் குறைந்தது, ஓடும் வேகம் மாறவில்லை. நெடுநாள் அது வசதியாக மட்டும் இருந்தது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 எஸ்.எஸ்.டி.யோடு வந்த பிறகு, விளையாட்டு எழுதுகிறவர்கள் அதை நம்பியே எழுதத் தொடங்கினார்கள். 2023இல் வந்த 'ஸ்டார்ஃபீல்ட்' எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. வசதிக்கு வாங்கியது அத்தியாவசியப் பட்டியலுக்கு மாறியது.

இப்போது தபால் தலை வித்தைக்கு வருகிறேன். பேரன் விண்ணப்பம் நீட்டினால், அவனுக்குப் பிடித்த விளையாட்டை உங்கள் கண்முன்னே ஓட்டச் சொல்லுங்கள். விநாடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் திரை மூலையில் தெரியும்படி வைக்க அவனுக்குத் தெரியும். பிறகு ரெசல்யூஷனை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால், வரைகிற மேசைதான் திணறியது. கிராபிக்ஸ் கார்டு கேட்பது நியாயம். எண் அசையவே இல்லை என்றால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, கோளாறு பிராசஸர் பக்கம். நாற்பதாயிரம் ரூபாய்க் கார்டு வாங்கினாலும் அதே எண்தான். சராசரி நன்றாக இருந்து இடையிடையே திக்கித் திக்கி நின்றால் நினைவகத்தையும் ஹார்ட் டிஸ்க்கையும் பாருங்கள். நினைவகத்தை ஒரே பட்டையாகப் போட்டிருந்தால், அதே அளவில் இன்னொன்று சேர்ப்பது மலிவான வைத்தியம். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் மந்தமானால் அது சூடு. கடற்கரை ஊரின் ஈரமும் தூசியும் சேர்ந்து விசிறியில் அடையாகப் படிகிற ஊர் நம்முடையது. ஒரு பிரஷ்ஷும் அரைமணி நேரமும் போதும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிறந்தநாளுக்கு விலையுயர்ந்த கார்டு வாங்கிப் போட்டார்கள். இரண்டு வாரம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. பையன் மானிட்டர் கேபிளைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே செருகியிருந்தான். புதுக் கார்டு பெட்டிக்குள் விசிறி சுற்றிக்கொண்டு விடுமுறையில் இருந்திருக்கிறது.

கடைசி மேசையான டெஸ்பாட்ச்சையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். மூலையில் இருக்கும் எண் ஏற்கெனவே 60க்கு மேலே நின்றால், கார்டு மாற்றி 120 ஆக்கினாலும் அந்த மானிட்டர் அனுப்புவது 60தான். அந்த நிலைமையில் விண்ணப்பம் மானிட்டருக்குத்தான் வந்திருக்க வேண்டும். 144 முறை மாற்றும் மானிட்டரை வாங்கி வைத்துவிட்டு, விண்டோஸ் அமைப்பில் அதை 60இலேயே விட்டு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அந்தக் கோப்புக்குத் தொகை எதுவும் அனுமதிக்க வேண்டாம், எண்ணை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இத்தனைக்கும் மேலாக அவன் விளையாடுவது பழைய 'டூம்' என்றால் கோப்பை அங்கேயே முடித்துவிடலாம். 1993இல் வந்த அந்த விளையாட்டு எந்த இயந்திரத்திலும் விநாடிக்கு 35 படத்தைத் தாண்டாதபடி எழுதப்பட்டது.